லுவார் கரையில் ஜூலை 14

பிரான்ஸின் தேசிய நாளை முடிவு செய்த சட்டம் மிகச் சிறியது. 1880 ஜூலை 6-ஆம் தேதியிட்ட அந்தச் சட்டத்தில் இருப்பது ஒரே வாக்கியம்தான். குடியரசு ஜூலை 14-ஐ ஆண்டுதோறும் வரும் தேசிய விழாவாக ஏற்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எந்த ஆண்டின் ஜூலை 14 என்றுகூட அது குறிப்பிடவில்லை. 1789-இல் பாரிஸ் மக்கள் பஸ்தீய் சிறைக்கோட்டையைக் கைப்பற்றியது அந்தத் தேதியில். அதற்கு அடுத்த ஆண்டு, நாடெங்கிலுமிருந்து வந்த தேசியக் காவற்படையினர் ஷாம்ப் தெ மார்ஸ் திடலில் கூடி, மன்னர் பதினாறாம் லூயி முன்னிலையில் ஒற்றுமை உறுதிமொழி எடுத்ததும் அதே தேதியில். மசோதாவைக் கொண்டுவந்த பெஞ்சமின் ரஸ்பாய் உள்ளிட்ட இடதுசாரிகள் கோட்டை விழுந்த நாளைப் போற்றினார்கள். இரத்தம் சிந்திய நாளைக் கொண்டாடத் தயங்கியவர்களுக்குச் செனட் சபையில் வரலாற்றாசிரியர் ஆன்ரி மார்த்தேன் உறுதிமொழி எடுத்த நாளை நினைவூட்டினார். ஆண்டைச் சொல்லாமல் விட்டதால் இரு தரப்பாருக்கும் ஒரே தேதி பொருந்தியது.

எப்படிக் கொண்டாட வேண்டும் என்பதும் சட்டத்தில் இல்லை. அதைத் தீர்மானித்தவை ஊர்கள். நகராட்சிக் கட்டடத்தில் கொடி ஏற்றுவது, பிள்ளைகளுக்கு விளையாட்டு வைப்பது, ஏழைகளுக்கு உணவு வழங்குவது, இரவில் விளக்கேற்றி ஆடுவது என ஒவ்வொரு மேயரும் கையில் இருந்த பணத்துக்கேற்ப ஒரு நிகழ்ச்சி நிரலைப் போட்டார். அரச பக்தியும் திருச்சபைப் பற்றும் மிகுந்த மேற்குப் பகுதிகளில் தொடக்க ஆண்டுகளில் எதிர்ப்பு இருந்தது. கோயில் மணியை அடிக்கலாமா, கோபுரத்தில் மூவண்ணக் கொடி கட்டலாமா என்று மேயரும் பாதிரியாரும் மோதிக்கொண்ட ஊர்கள் பல. ஒரு தலைமுறைக்குள் அது தணிந்தது. இன்று தொலைக்காட்சியில் உலகம் பார்ப்பது பாரிஸின் ஷான்சலீசே சாலையில் நடக்கும் படை அணிவகுப்பை. ஆனால் பிரான்ஸில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேலானவற்றில் 500 பேர்கூட இல்லை. அங்கே டாங்கிகளும் போர் விமானங்களும் கிடையாது. ஆனால் ஜூலை 14 உண்டு. அந்நாளின் உண்மையான உருவம் இந்தச் சிற்றூர்களில்தான் தெரிகிறது என்று துணிந்து சொல்லலாம்.

அதைக் காண ஏற்ற வாகனம் சைக்கிள். ரயிலில் போகிறவர் பெரிய நகரத்தில் இறங்குகிறார். காரில் போகிறவர் ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலையைப் பிடிக்கிறார். சைக்கிள் பயணி குடிநீருக்காகவும் ரொட்டிக்காகவும் ஒவ்வொரு ஊரின் நடுவிலும் இறங்கியாக வேண்டும். அப்படி இறங்கும்போது பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டிய சுவரொட்டி கண்ணில் படுகிறது: எத்தனை மணிக்கு ஊர்வலம், எங்கே வாணவேடிக்கை, நடனத்துக்கு யார் இசை என்பது எல்லாம் அதில் இருக்கும்.

இதற்குப் பொருத்தமான தடம் லுவார் நதிக்கரைச் சைக்கிள் பாதை. ஷேர் மாவட்டத்தில் உள்ள க்யூஃபியிலிருந்து அட்லாண்டிக் கரையில் உள்ள சேன் ப்ரெவேன் லே பேன் வரை சுமார் 900 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதை, கருங்கடல்வரை செல்லும் யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையின் ஒரு பகுதி. நதியின் வெள்ளத்தைத் தடுக்க நூற்றாண்டுகளாக எழுப்பிய கரைகளின் மேலேயே பெரும்பாலும் ஓடுவதால் ஏற்றம் குறைவு. 1,006 கிலோமீட்டர் நீளமுள்ள லுவார் நாட்டின் மிக நீண்ட நதி. ஜூலையில் நீர் வற்றி, நடுவே மணல்திட்டுகள் எழுந்து நிற்கும். ஆலாப் பறவைகள் அந்தத் திட்டுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் அது. பல திட்டுகளில் மனிதர் கால் வைக்கத் தடை உண்டு. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து வீசுவதால் விவரம் அறிந்தவர்கள் கடற்கரையில் தொடங்கிக் கிழக்கு நோக்கி மிதிப்பார்கள்.

இந்தப் பாதையில் ப்ளுவாவுக்கும் ஓர்லேயானுக்கும் இடையே உள்ள ஊர் போஜான்ஸி. ஏழாயிரம் சொச்சம் மக்கள். ஆற்றின் குறுக்கே இருபதுக்கும் மேற்பட்ட வளைவுகளோடு ஓர் இடைக்காலக் கல்பாலம். நெடுங்காலம் ஓர்லேயானுக்கும் ப்ளுவாவுக்கும் நடுவே ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் இதுதான். அதனாலேயே சிறிய ஊராக இருந்தும் வரலாறு இதைத் தேடி வந்தது. ஏழாம் லூயி மன்னருக்கும் அக்கித்தேன் நாட்டு எலியனோருக்கும் நடந்த திருமணம் செல்லாது என்று 1152-இல் ஆயர்கள் கூடி அறிவித்தது இங்கே. ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) உடன்வர, பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடமிருந்து இந்தப் பாலத்தையும் கோட்டையையும் மீட்டது 1429 ஜூனில். கூடாரம் அடிக்கும் திடல் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பழைய கோபுரமும் பாலமும் ஒரே வரியில் தெரியும்.

போஜான்ஸி போன்ற ஊருக்குள் ஜூலை 13-ஆம் தேதி பிற்பகல் நுழையும் பயணி முதலில் செய்ய வேண்டிய காரியம் கடைக்குப் போவது. மறுநாள் பொது விடுமுறை. பேக்கரி காலையில் திறந்து மதியத்துக்குள் மூடும். சிற்றூர் மளிகைக்கடை அநேகமாகத் திறக்காது. சைக்கிள் பழுது பார்க்கும் கடை நிச்சயமாகத் திறக்காது. உள்ளூர் ரயில்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடும். ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், ஒரு மாற்று டியூப் ஆகியவற்றை அன்று மாலையே வாங்கி வைத்தவருக்குக் கவலை இல்லை.

கூடாரத் திடல் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பிரான்ஸின் சிற்றூர்கள் பலவற்றில் நகராட்சியே கூடாரத் திடல் நடத்துகிறது. சைக்கிளில் வருபவருக்குக் கட்டணம் குறைவு. இடமில்லை என்று திருப்பி அனுப்புவதும் அரிது. ஆனால் அந்தத் திடல் வழக்கமாக ஆற்றோரத்தில், விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வாணவேடிக்கையும் நடனமும் நடக்கும் இடமும் அதுவே. எனவே அன்றிரவு ஒன்பது மணிக்குப் படுத்து விடியலில் கிளம்பும் திட்டம் பலிக்காது. ஊரோடு சேர்ந்து விழித்திருப்பதே வழி.

முந்தைய நாள் இரவிலேயே கொண்டாட்டம் தொடங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் நகராட்சிக் கட்டடத்தின் முன் கூடுகிறார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு குச்சி, அதன் நுனியில் காகித விளக்கு. முன்பு உள்ளே மெழுகுவத்தி எரியும். காகிதம் பற்றிக்கொள்ளும் ஆபத்தால் இப்போது பல ஊர்களில் சிறு மின்விளக்கு. முரசும் குழலும் கொண்ட ஊர் இசைக்குழு முன்னால் போக, பெற்றோரும் பாட்டிமாரும் நாய்களும் பின்னால் வர, ஊர்வலம் சந்து சந்தாகச் சுற்றி ஆற்றங்கரையை அடைகிறது. இதில் பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. கரையோரம் நிற்கும் அந்நியர் கையிலும் யாராவது ஒரு விளக்கைத் திணித்துவிடுவார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த விளக்கு ஊர்வலம் தொலைவான செய்தி அல்ல. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த புதுச்சேரியில், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் உள்ளன. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் ஜூலை 13 இரவு காகித விளக்குகளோடு புதுச்சேரித் தெருக்களில் நடக்கிறார்கள். மறுநாள் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைக்கப்படுகிறது. இரு நாட்டு தேசிய கீதங்களும் ஒலிக்கின்றன. லுவார் கரைச் சிற்றூரும் புதுச்சேரியும் ஒரே சடங்கைச் செய்கின்றன. ஆட்சி போன பிறகும் சடங்கு நிலைத்திருப்பதற்குக் காரணம், அதை நடத்தியவர்கள் ஆளுநர்கள் மட்டுமல்லர், தெருக்காரர்களும் என்பதுதான்.

ஜூலை 14 காலை அமைதியானது. பதினொரு மணியை ஒட்டி, போரில் இறந்தோர் நினைவுச் சின்னத்தின் முன் மக்கள் சேர்கிறார்கள். பிரான்ஸில் இந்தச் சின்னம் இல்லாத ஊர் அரிது. முதல் உலகப் போரில் நாடு ஏறத்தாழ 14 லட்சம் வீரர்களை இழந்தது. 1919-இல் ஒரு சட்டம் அரசு உதவித்தொகைக்கு வழி செய்ய, சில ஆண்டுகளுக்குள் ஊர்தோறும் கல் எழுந்தது. நார்மண்டியில் உள்ள த்தியெர்வில் போல ஒருவரைக்கூடப் போரில் இழக்காத ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முந்நூறு பேர் வாழும் கிராமத்தின் கல்லில் முப்பது பெயர்கள் இருப்பது உண்டு. ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு முறை வருவதும் உண்டு. அடியில் 1939-45 என்று பொறித்து இன்னொரு வரிசை. சில கற்களில் இந்தோசீனா, அல்ஜீரியா. பாதையில் வரும் ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கற்களைக் கடந்துபோகும் சைக்கிள் பயணி, அவற்றைச் சற்று நின்று படிக்க வேண்டும். அந்தப் போர் இந்த நாட்டுக்கு என்ன செய்தது என்பதை எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

சடங்கு எளிமையானது. மேயர் நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டையை மார்பின் குறுக்கே அணிந்து வருகிறார். பட்டையின் நுனிக் குஞ்சம் மேயருக்குப் பொன்னிறம், துணை மேயர்களுக்கு வெள்ளி நிறம். முன்னாள் படைவீரர் சங்கத்தின் கொடி தாங்கிகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் முதியவர்கள் அல்ஜீரியப் போருக்கு இளவயதில் அனுப்பப்பட்டவர்கள். அந்தத் தலைமுறை குறைந்துவருவதால் கொடி பிடிக்க இளைஞர்களைத் தேடும் நிலை. எதிரே தீயணைப்பு வீரர்கள், பளபளக்கும் தலைக்கவசத்தோடு. மலர் வளையம், மௌனம், பிறகு மார்செய்யேஸ். 1879-இல் மீண்டும் தேசிய கீதமான அந்தப் பாட்டை ஊர் இசைக்குழு வாசிக்க, மக்கள் பெரும்பாலும் முதல் பத்தியை மட்டும் பாடுகிறார்கள். நெடுநாள் சேவை செய்த தீயணைப்பு வீரருக்குப் பதக்கம் குத்துவதும் இந்த நாளில்தான். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தச் சடங்கு தடைபட்ட ஆண்டுகளும் இருந்தன. 1940-இல் ஜெர்மனியிடம் அடைந்த தோல்விக்குப் பின் வந்த ஜூலை 14 துக்க நாளாக அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியர் பிடித்த பகுதியில் மூவண்ணக் கொடியை ஏற்றவே முடியவில்லை. அந்த ஆண்டுகளில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றையும் உடையில் எப்படியாவது சேர்த்து அணிந்துகொண்டு தெருவில் நடப்பதே எதிர்ப்பாக இருந்தது. ஆற்றங்கரை ஊர்களில் விடுதலைக்குப் பின் வந்த 1945-இன் ஜூலை 14 எப்படிப் பொங்கியிருக்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நினைவுச் சின்னத்திலிருந்து எல்லோரும் நகராட்சிக் கூடத்துக்கோ அதன் முற்றத்துக்கோ போகிறார்கள். அங்கே ஊர் செலவில் மது உபசாரம்: லுவார் பள்ளத்தாக்கில் அது பெரும்பாலும் உள்ளூர் வெள்ளை ஒயின் அல்லது நுரைக்கும் ஒயின், பிள்ளைகளுக்குப் பழச்சாறு, கொறிக்க உப்புப் பிஸ்கட். அழைப்பிதழ் கிடையாது. மண் படிந்த சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வருபவரிடமும் ஒரு கோப்பை நீட்டப்படும். எங்கிருந்து கிளம்பினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், மழை பிடித்ததா என்ற மூன்று கேள்விகளில் உரையாடல் தொடங்கிவிடுகிறது. சைக்கிள் பயணம் என்றால் என்னவென்று விளக்க வேண்டிய தேவையே இல்லாத நாடு இது.

அதற்கு வரலாறு உண்டு. செயின்ட் எத்தியன் நகரத்துப் பால் தெ விவி, வெலோசியோ என்ற புனைபெயரில், 1887-இல் தொடங்கிய தன் இதழ் வழியாகச் சைக்கிளைப் பந்தயத்திலிருந்து பிரித்து ஊர் சுற்றும் கருவியாக மக்களுக்கு அறிமுகம் செய்தார். ஆனாலும் உழைக்கும் மக்களுக்கு ஊர் சுற்ற நாள் இல்லை. 1936 ஜூனில் இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணியின் அரசு எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் இயற்றியது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர்கள் தனிச் சைக்கிளிலும், கணவனும் மனைவியும் ஒன்றாக மிதிக்கும் இரட்டை இருக்கைச் சைக்கிளிலும் நாட்டுப்புறச் சாலைகளில் இறங்கினார்கள். பலர் கடலை முதன்முதலாகக் கண்டது அந்தக் கோடையில். ஓய்வு, விளையாட்டுத் துறையைப் பார்த்த லியோ லக்ராஞ்ச் இளைஞர் விடுதிகளுக்கு ஊக்கம் தந்தார். உரிமைகளைக் கொண்டாடும் நாளில் சைக்கிளில் ஊரைச் சுற்றுவதற்கு இதைவிட நேரான முன்னோடி இல்லை.

மதியத்துக்குப் பிறகு ஊர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி தொலைக்காட்சியின் முன். 1903-இல் தொடங்கிய டூர் த பிரான்ஸ் பந்தயம் ஜூலையில் நடப்பதால் தேசிய நாள் அநேகமாக அதன் நடுவே விழுகிறது. அன்றைய கட்டத்தை வெல்வது பிரெஞ்சு வீரர்களுக்குத் தனிப் பெருமை. 1995-இல் மாந்த் நகரில் லோரான் ழாலபேர், 2004-இல் சேன் ஃப்ளூரில் ரிஷார் விராங்க், 2017-இல் ஃபுவாவில் வாரென் பார்கில் ஆகியோர் ஜூலை 14-இல் வென்ற நாட்களைக் காப்பிக் கடைகளில் இன்னும் பேசுகிறார்கள்.

இன்னொரு பகுதி திடலில். இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்க் போட்டி, சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல். சில ஊர்களில் கொழுப்பு தடவிய கம்பத்தின் உச்சியில் பரிசுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் கண்ணன் பிறந்தநாளுக்கு நடும் வழுக்கு மரமேதான் இது, தண்ணீர் பீய்ச்சுவது மட்டும் இல்லை. சைக்கிள் பயணிக்கு மிகவும் பிடித்துப்போவது பிள்ளைகளின் அலங்காரச் சைக்கிள் ஊர்வலம். நீல, வெள்ளை, சிவப்புக் காகிதத்தைச் சக்கரக் கம்பிகளுக்கிடையே பின்னி, கைப்பிடியில் பூவும் கொடியும் கட்டி, மூன்று சக்கர வண்டியில் இருக்கும் குழந்தை முதல் பத்து வயதுச் சிறுமி வரை ஊரை ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள். மேயர் பரிசு தருவார். சுமைப்பைகளோடு வந்த தூரப் பயணியைப் பிள்ளைகள் தங்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டால் வியப்பில்லை.

மாலை ஏழரைக்கு மேல் நீள மேசைகள் வந்துசேர்கின்றன. மேசையும் பெஞ்சும் ஊராட்சியுடையவை. சமையல் விழாக் குழுவினுடையது. பிரான்ஸின் பல ஊர்களில் இப்படி ஒரு தன்னார்வக் குழு உண்டு. கரி அடுப்பில் வேகும் மெர்கேஸ் என்ற காரமான தொத்திறைச்சி வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இன்று அது இல்லாமல் ஜூலை 14 இல்லை. கூடவே உருளைக்கிழங்கு வறுவல், சிப்பி வேகவைத்த பெரிய அண்டா, சர்க்கரை தூவிய கிரேப் என்ற மெல்லிய அப்பம். கூப்பன் வாங்கி வரிசையில் நின்று தட்டோடு வந்தால் காலி இடம் எதுவோ அதில்தான் உட்கார வேண்டும். மருத்துவர், விவசாயி, நெதர்லாந்திலிருந்து மிதித்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி என்று யார் பக்கத்தில் அமைவார் என்பது அதிர்ஷ்டம். இதில் காசு பார்க்கும் எண்ணம் கிடையாது. மிஞ்சும் லாபம் அடுத்த ஆண்டு விழாவுக்கோ பள்ளிச் சுற்றுலாவுக்கோ போகும்.

ஜூலை நடுவில் இந்தப் பகுதியில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் தாண்டும். நன்கு இருட்ட இன்னும் முக்கால் மணி நேரம். ஆகவே வாணவேடிக்கை பதினொரு மணிக்குத்தான். லுவார் ஊர்கள் இதில் கொடுத்துவைத்தவை: ஆற்றின் ஒரு கரையிலிருந்து வாணம் விட, மக்கள் மறுகரையில் உட்கார்ந்து வானத்தில் ஒன்றும் நீரில் ஒன்றுமாக இரண்டு காட்சிகள் பார்க்கிறார்கள். வாணம் செலவு மிக்கது. தனியே தாங்க முடியாத சிற்றூர்கள் பக்கத்து ஊரோடு செலவைப் பகிர்கின்றன, அல்லது ஒன்று 13-ஆம் தேதியும் மற்றொன்று 14-ஆம் தேதியும் வைத்துக்கொண்டு இரண்டு ஊர் மக்களும் இரண்டையும் பார்க்கும்படி செய்கின்றன. வறண்ட ஆண்டுகளில் வாணம் இல்லாமலும் போகலாம்: 2022-இன் கடும் வெப்பத்தில் தீப்பிடிக்கும் அச்சத்தால் பல மாவட்டங்கள் வாணவேடிக்கையைத் தடை செய்தன. நீஸ் நகரில் 2016 ஜூலை 14 இரவு கூட்டத்தின்மீது லாரியை ஏற்றி 86 பேரைக் கொன்ற தாக்குதலுக்குப் பிறகு, சிறிய ஊர்களிலும் திடலுக்குப் போகும் தெருவைக் கான்கிரீட் கட்டைகளோ குறுக்கே நிறுத்திய டிராக்டரோ மறிக்கின்றன. அந்த இடைவெளியில் சைக்கிளை உருட்டிச் செல்லும்போது அந்தத் துயரத்தின் நிழல் தெரிகிறது. ஆனாலும் மக்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். வராமல் இருந்துவிடவில்லை என்பதே பெரிய செய்தி.

கடைசி வாணம் வெடித்ததும் நடனம். பாரிஸில் மோன்மார்த்ர் தீயணைப்பு நிலையம் 1937-இல் தன் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்ததிலிருந்து தீயணைப்பு வீரர்கள் நடத்தும் நடனம் மரபானது என்பார்கள். பிரான்ஸின் தீயணைப்பு வீரர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேரில் ஐந்தில் நால்வர் தன்னார்வலர்கள். சிற்றூரில் அவர் தச்சராகவோ பள்ளி ஆசிரியையாகவோ ரொட்டிக் கடைக்காரராகவோ இருப்பார். காலையில் சீருடையில் விறைத்து நின்றவர் இரவில் மதுக்கடை மேசையின் பின்னால் பீர் ஊற்றுகிறார். அக்கார்டியன் வால்ட்ஸில் முதியவர்கள் முதலில் இறங்குவார்கள். நள்ளிரவுக்குப் பின் ஒலிபெருக்கி இளைஞர்கள் கைக்குப் போகும். இரவு இரண்டு மணி வரை இது ஓயாது.

மறுநாள் 15-ஆம் தேதி பேக்கரி வழக்கமான நேரத்தில் திறந்துவிடும். ஊராட்சிப் பணியாளர்கள் பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பாதையில் தொடர்பவருக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 14-ஆம் தேதி வாரநாளில் வந்தால் சில ஊர்கள் நடனத்தையும் வாணத்தையும் அதை ஒட்டிய சனிக்கிழமைக்கு மாற்றிவைக்கின்றன. அடுத்த ஊரின் சுவரொட்டியைப் படித்துவிட்டு அன்றைய தூரத்தைத் தீர்மானிப்பது நல்லது.